பனிக்காலமும் பின்கதவு ஸ்ட்ரட்டும்: எதை வாங்கலாம், எதை விடலாம்

ஒக்டோபர் முழுக்க ஒழுங்காக நின்ற பின்கதவு, ஜனவரியில் -20 பாகைக் குளிரில் மளிகைப் பைகளை எடுக்கக் குனிந்தவரின் தலைக்கு மேல் மெல்ல இறங்கி வரும். ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் வினிபெக்கிலும் வான், எஸ்.யூ.வி. வைத்திருக்கும் பலருக்கு இது பழக்கமான காட்சி. கதவை இரண்டு பக்கமும் தாங்கி நிற்கும் வாயுக் குழாய்தான் ஸ்ட்ரட். உடனே இணையத்தில் தேடி, படத்தில் ஒன்றுபோல் தெரிகிற, "கூடுதல் பலம்" என்று போட்டிருக்கிற, விலை குறைந்த சோடியை வாங்கிவிடுகிறார்கள். அடுத்த கோடையில் கதவை இழுத்து மூடத் தொங்க வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் அடுத்த பனிக்காலத்தில் அந்தச் சோடியும் இறங்கும். இரண்டுக்கும் காரணம், பலம் என்ற ஒன்றை மட்டும் பார்த்து வாங்கியதுதான்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வாகனத்தோடு வந்த ஸ்ட்ரட்டில் அச்சிட்டிருக்கும் அதே நியூட்டன் எண் (தள்ளும் விசையின் அளவு), அதே நீளம், கார் நிறுவனங்களுக்கே ஸ்ட்ரட் செய்து கொடுக்கும் தயாரிப்பாளரின் பெட்டி, அண்மையில் செய்த சரக்கு, இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றுவது. இதற்கு மேல் பலம் தேடத் தேவையில்லை. ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

சிலர் இதை டிக்கி ஷொக் என்பார்கள். ஷொக் அப்சோர்பரின் வேலை வேறு. இந்தக் குழாய்க்குள் இருப்பது உயர் அழுத்த நைதரசன் வாயுவும் சிறிதளவு எண்ணெயும். வாயு தண்டை வெளியே தள்ளுகிறது. எண்ணெய், தண்டைச் சுற்றி வாயுவை அடைத்து வைக்கும் ரப்பர் சீலை நனைத்து வைத்து, கதவு உச்சிக்குப் போகும்போது வேகத்தைக் குறைக்கிறது. 600 நியூட்டன் என்றால் ஏறத்தாழ 61 கிலோ எடையின் அழுத்தம். 8 மி.மீ. தண்டு உள்ள ஸ்ட்ரட் அந்த விசையைத் தர உள்ளே 119 பார் அழுத்தம் வேண்டும். கார் ரயரில் இருப்பதுபோல் இது ஐம்பது மடங்கு. 10 மி.மீ. தண்டுக்கு 76 பார் போதும். ஒரே விசைக்கு தடித்த தண்டு என்றால் சீலுக்குச் சுமை குறைவு. தொழிற்சாலை 10 மி.மீ. தண்டு கொடுத்திருக்கும் இடத்தில் 8 மி.மீ. தண்டுள்ள மலிவுச் சோடியைப் போடாதீர்கள் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

பூட்டிய குழாய்க்குள் இருக்கும் வாயுவின் அழுத்தம், தனிச் சுழியத்தில் (-273 பாகை) தொடங்கும் கெல்வின் அளவில் வெப்பநிலையோடு நேராக ஏறி இறங்கும். ஸ்ட்ரட்டில் அச்சிட்ட எண் 20 பாகைக்கு உரியது, அதாவது 293 கெல்வின். -20 பாகை 253 கெல்வின். ஆக, புத்தம் புதிய ஸ்ட்ரட்டும் -20இல் தன் விசையில் 14 சதவீதத்தை இழக்கும். -30இல் 17 சதவீதம். எந்த நிறுவனத்தின் ஸ்ட்ரட்டுக்கும் இதில் விலக்கில்லை. "குளிருக்கென்றே செய்தது" என்று பெட்டியில் எழுதியிருந்தால், அது சீல் ரப்பரையும் எண்ணெயையும் பற்றிய பேச்சாக இருக்கலாம். வாயு அதற்குக் கட்டுப்படாது.

இப்போது ஒரு கதவை எடுத்துக்கொள்வோம். எடை 30 கிலோ, எடையின் மையம் கீலிலிருந்து அரை மீட்டர். கதவு கிடையாக நிற்கும்போது கீழே இழுக்கும் திருப்புவிசை 147 நியூட்டன் மீட்டர். இரண்டு ஸ்ட்ரட், ஒவ்வொன்றும் 600 நியூட்டன், கீலிலிருந்து 14 செ.மீ. தூரத்தில் தள்ளுகின்றன என்றால் மேலே தூக்குவது 168. மிச்சம் 21, கதவு நன்றாக நிற்கும். -20இல் தூக்குவது 145 ஆகிவிடும். ஏறத்தாழச் சமநிலை, கீலிலும் சீலிலும் உள்ள உராய்வே கதவைப் பிடித்துக்கொள்ளும். நல்ல ஸ்ட்ரட் கடுங்குளிரில் இந்த நிலையில்தான் இருக்கும்.

அதே ஸ்ட்ரட் ஏழெட்டு வருடத்தில் 15 சதவீதம் வாயுவை இழந்திருக்கிறது என்று வையுங்கள். 20 பாகையில் தூக்குவது 143. நாலு நியூட்டன் மீட்டர்தான் குறைவு, உராய்வு மூடி மறைத்துவிடும். கராஜில் பார்க்கும் மெக்கானிக்கும் "நல்லாத்தானே நிக்குது" என்பார். -20இல் அது 123. குறை 24. கதவின் விளிம்பு கீலிலிருந்து ஒரு மீட்டர் என்றால், அந்த விளிம்பில் இரண்டரைக் கிலோ கீழே இழுப்பதற்குச் சமம். கதவு இறங்கும். குளிர் ஸ்ட்ரட்டைக் கெடுக்கவில்லை; ஏற்கெனவே நடந்த இழப்பை வெளியே காட்டியது, அவ்வளவுதான்.

கதவின் மேல் பனி இருந்தால் கணக்கு இன்னும் மாறும். சாய்ந்த கண்ணாடி உள்ள ஹட்ச்பேக்கில் ஐந்து கிலோ பனி கீலிலிருந்து 80 செ.மீ. தூரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் அது மட்டுமே 39 நியூட்டன் மீட்டர். கிழமும் குளிரும் சேர்ந்து தின்ற 45க்கு இது கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. புதிய ஸ்ட்ரட் போட்ட பின்பும் பனியைத் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். கதவில் மாட்டும் சைக்கிள் தாங்கியை பனிக்காலத்தில் கழற்றி வைப்பதும் இதே கணக்கில் வருகிறது.

அப்படியானால் 750 நியூட்டன் வாங்கினால் என்ன? 30 பாகைக் கோடையில் அது 775 ஆகும். அந்தக் கதவைக் கிடைநிலையிலிருந்து கீழே கொண்டுவர விளிம்பில் ஏழு கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டும். தொழிற்சாலை ஸ்ட்ரட்டுக்கு மூன்று கிலோ கூட வேண்டாம். உயரம் குறைந்தவர்களுக்கும் தோள் வலி உள்ளவர்களுக்கும் இது நாளாந்தச் சித்திரவதை. அதோடு கதவு மூடியிருக்கும் நேரமெல்லாம் அந்த மிகை விசை கீலையும், கீல் பிடித்திருக்கும் கூரைத் தகட்டையும், ஸ்ட்ரட்டின் முனைக் குழி மாட்டும் பந்து ஆணி பதிந்த இடத்தையும் தள்ளிக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் கலவையில் செய்த கதவுகளில் ஆணி பிடித்திருக்கும் இடம் வெடிக்கும். வினிபெக், எட்மன்ரன் போல் -30 வழக்கமான ஊர்களில், இரும்புக் கதவாக இருந்து, மின்மோட்டார் இல்லாமலும் இருந்தால் 10 சதவீதம் வரை ஏற்றுவதை ஒப்புக்கொள்ளலாம். ரொறன்ரோவுக்கு அதுவும் தேவையில்லை.

வாங்குவதற்கு முன், பழுது உண்மையில் ஸ்ட்ரட்டில்தானா என்று பாருங்கள். குளிரில் கதவு மெதுவாக ஏறுவது பலவீனத்தின் அடையாளம் ஆகாது. உள்ளே எண்ணெய் தடித்திருக்கிறது, சில வினாடி கூட எடுக்கும். ஏறி நின்ற பின் இறங்கினால்தான் பலவீனம். திறக்கவே மறுத்தால், கதவைச் சுற்றியுள்ள ரப்பர் உறைந்து ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு ரப்பரில் சிலிக்கோன் பூசினால் போதும்.

இரவு முழுக்க வெளியே நின்ற வாகனத்தில்தான் சோதிக்க வேண்டும். அரைமணி நேரம் ஓடி உள்ளே சூடான பின் பார்த்தால் ஸ்ட்ரட்டும் கொஞ்சம் சூடாகியிருக்கும், ஏமாற்றும். கதவைக் கையால் மெல்லத் தூக்குங்கள். எந்த உயரத்தில் கையை விட்டதும் அது தானே ஏறத் தொடங்குகிறதோ அங்கே சுவரிலோ ஒரு தடியிலோ நாடா ஒட்டி அடையாளம் வையுங்கள். மூடிய நிலையில் ஸ்ட்ரட் தள்ளும் கோடு கீலுக்கு மிக அருகில் போவதால் முதல் சில அங்குலம் கையால் தூக்குவது எல்லா வாகனத்திலும் உண்டு. ஒரே அளவு குளிரில் அந்த உயரம் மாதத்துக்கு மாதம் ஏறினால் வாயு போகிறது என்று பொருள். தண்டில் எண்ணெய் கோடாக வழிந்து தூசு ஒட்டியிருந்தால் சீல் போய்விட்டது. அதற்கு மேல் சோதனை வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் செத்திருந்தால் கதவு முறுகும், மூடும்போது இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இராது.

இனி அளவு. ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான். பழைய ஸ்ட்ரட்டை முழுக்க நீட்டிய நிலையில் ஒரு பந்துக் குழியின் மையத்திலிருந்து மறு குழியின் மையம் வரை மி.மீ. கணக்கில் அளந்து எழுதுங்கள். குழாயில் ஒட்டியிருக்கும் தாளில் அல்லது அச்சில் நியூட்டன் எண் இருக்கும். வட அமெரிக்கப் பெட்டிகளில் பவுண்டு இருக்கும், பவுண்டை 4.45ஆல் பெருக்கினால் நியூட்டன். 135 பவுண்டு என்றால் 600 நியூட்டன். நீட்டிய நீளம் மூன்று மி.மீ. கூடக்குறைய இருந்தால் பெரும்பாலும் பொருந்தும்.

எல்லோரும் மறப்பது சுருங்கிய நீளம். நீட்டிய நீளம் ஒன்றாக இருந்தும், புதியதன் குழாய் நீளமாக இருந்தால் அது கடைசி வரை சுருங்காது. கதவு மூட இன்னும் ஐந்து செ.மீ. இருக்கையில் ஸ்ட்ரட் முட்டும். மூடவில்லையே என்று ஓங்கி அடிப்பவர்கள் பிடிப்பானை வளைக்கிறார்கள், சிலவேளை கண்ணாடியையும் உடைக்கிறார்கள். விற்பவர் சுருங்கிய நீளத்தையோ தண்டு நகரும் தூரத்தையோ தராவிட்டால் அந்தப் பொருளை விட்டுவிடுங்கள்.

வாகனத்தின் வருடத்தையும் கவனியுங்கள். டொயோட்டா ரேவ்4 வண்டியில் 2012 மாடல் வரை பின்கதவு பக்கவாட்டில் திறந்தது; 2013 மாடலிலிருந்துதான் மேலே தூக்கும் கதவு. ஹொண்டா சி.ஆர்-வியில் இந்த மாற்றம் 2007 மாடலிலேயே வந்துவிட்டது. "எல்லா வருடத்துக்கும் பொருந்தும்" என்று எழுதியிருக்கும் பட்டியல்களை நம்ப வேண்டாம். பின்னால் ஸ்பொய்லர் உள்ள வகைக்கும் இல்லாத வகைக்கும் வேறு வேறு விசை இருப்பதுண்டு.

மின்மோட்டாரில் திறக்கும் கதவு தனிக் கதை. பலவற்றில் ஒரு பக்கமோ இரு பக்கமோ இருப்பது மோட்டாரும் திருகு தண்டும் உள்ள கருவி. பார்க்க ஸ்ட்ரட் போலவே இருக்கும். மறுபக்கத்தில் சாதாரண ஸ்ட்ரட் இருந்தாலும் அதன் விசை, மோட்டார் எவ்வளவு தள்ளும் என்ற கணக்கோடு சேர்த்து வைத்தது. அதில் பலம் கூடியதைப் போட்டால் மூடும்போது தடை இருப்பதாக நினைத்துக் கதவு பாதியில் திரும்பும். 2015இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட எஸ்.யூ.வி.களைத் திரும்ப அழைத்தது. மின்கதவின் ஸ்ட்ரட்டுகள் முன்கூட்டியே தேய்ந்து, திறந்த கதவு ஆள்மேல் விழக்கூடும் என்பதே காரணம். ஜி.எம்.சி. அகேடியா, பியூக் என்கிளேவ், செவ்ரலே ட்ராவர்ஸ், சற்றேர்ன் அவுட்லுக் ஆகியவை அதில் அடங்கும். பழைய அகேடியா வாங்குபவர்கள் சேசிஸ் எண்ணைக் கொடுத்து அந்த வேலை நடந்ததா என்று டீலரிடம் கேட்க வேண்டும். மின்கதவுக்கு டீலரின் பாக எண்ணைத் தவிர வேறொன்றை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

கையால் திறக்கும் கதவுக்குத் தெரிவு நிறைய உண்டு. டீலரிடம் கிடைப்பது பொருத்தத்தில் பிழை வராது. விலைதான் இரண்டு மூன்று மடங்கு. பெட்டிக்காகக் கொடுக்கும் பணம் அதில் பாதி. ஜெர்மனியின் கொப்லென்ஸ் நகரத்து ஸ்டாபிலஸ், லிஃப்ட்-ஓ-மாட் என்ற பெயரில் விற்பது எங்கள் முதல் தெரிவு. பல கார் நிறுவனங்களுக்குத் தொழிற்சாலையிலேயே போகும் சரக்கு அது. விசை எண்ணும் தயாரித்த நாளும் குழாயிலேயே இருக்கும். ஐரோப்பிய வாகனம் வைத்திருப்பவர்கள் இரண்டாவது யோசனை செய்யத் தேவையில்லை. அல்ட்டோர்ஃப் நகரத்து சுஸ்பாவும் அதே தரம், இங்கே கடையில் கிடைப்பது குறைவு.

அமெரிக்காவின் ஏ.வி.எம். நிறுவனம் செய்யும் ஸ்ட்ரோங்ஆர்ம், ஜப்பானிய, அமெரிக்க வாகனங்களுக்குப் பட்டியல் பெரிது. நீட்டிய நீளம், சுருங்கிய நீளம், விசை மூன்றையும் தருவதால் நம்பி ஒப்பிடலாம். விலைக்கு ஏற்ற பொருள் என்று சியன்னா, ஒடிசி வான் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்வோம். மொன்றோ மக்ஸ்-லிஃப்ட் மோசமில்லை. விசை எண்ணைத் தொழிற்சாலை எண்ணோடு ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள்.

பெயரே தெரியாத இணையச் சோடிகள் விலையில் பாதிக்கும் கீழே. அவற்றில் நாங்கள் குறை காண்பது ஆயுளைவிட ஒற்றுமையின்மையை: ஒரே பெட்டியில் வந்த இரண்டும் வேறு வேறு விசையோடு இருப்பது, தண்டில் முலாம் மெல்லியதாக இருப்பதால் உப்பு போடும் வீதிகளில் சீக்கிரம் துருப்புள்ளி வந்து அதுவே சீலை அறுப்பது, முனையில் உள்ள பிளாஸ்டிக் குழி குளிரில் வெடிப்பது. "வாழ்நாள் உத்தரவாதம்" என்றால் பில்லைக் காட்டினால் இன்னொரு அதே சோடி கிடைக்கும் என்பதுதான். கூலியும் மருத்துவச் செலவும் அதில் இல்லை.

பழைய வாகனக் கிடங்கிலிருந்து கழற்றிய ஸ்ட்ரட் வேண்டாம், விலை எவ்வளவு மலிவானாலும். அலமாரியில் பல வருடம் கிடந்த புதிய ஸ்ட்ரட்டும் சந்தேகத்துக்குரியது, சீல் காய்ந்திருக்கும். வாங்கியதும் பெட்டியைத் திறந்து தயாரித்த நாளைப் பாருங்கள். உடனே மாட்டாவிட்டால் தண்டு கீழ்நோக்கி இருக்க நிறுத்தி வையுங்கள், எண்ணெய் சீலில் நிற்கும்.

மாட்டும் வேலை அரைமணி நேரம். புதிய சோடியை முதல் நாளே வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். -20இல் கிடந்த பிளாஸ்டிக் குழியைப் பந்தின்மேல் அழுத்தினால் வெடிக்கலாம். கதவை முழுக்கத் திறந்து, அளவாக வெட்டிய 2×4 மரத்தால் முட்டுக் கொடுங்கள். உதவிக்கு ஒருவர் நிற்கலாம், ஆனால் ஆள் மட்டும் போதாது. 30 கிலோ கதவைக் குளிரில் கை விறைக்கப் பத்து நிமிடம் தாங்கச் சொல்வது சரியில்லை. ஒரு பக்கத்தை முடித்துவிட்டே மறுபக்கம் போங்கள். சிறிய தட்டைத் திருப்புளியால் குழியின் பின்புறம் இருக்கும் கம்பிக் கிளிப்பை இரண்டு மூன்று மி.மீ. மட்டும் நெம்பி, குழியைப் பந்திலிருந்து நேராக இழுங்கள். கிளிப்பை முழுக்கக் கழற்றினால் பனிக்குள் விழுந்து தொலையும்.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நீளம் பாருங்கள். தண்டு எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் வைத்து மாட்டுங்கள்; தலைகீழானால் எண்ணெய் சீலை விட்டுப் போகும், உச்சியில் கதவு தடாலென்று முட்டும். பந்து ஆணியில் துருவைத் துடைத்து, குழிக்குள் பட்டாணி அளவு வெள்ளை லித்தியம் கிரீஸ் வைத்து, கிளிக் என்று கேட்கும்வரை அழுத்துங்கள். பிறகு இழுத்துப் பாருங்கள். சில வாகனங்களில் முனை ஒரு தகட்டோடு போல்ட்டில் பிடித்திருக்கும். அந்தத் தகடு புதிய பெட்டியில் வராவிட்டால் பழையதிலிருந்து மாற்ற வேண்டும். ஆகவே பழையதைப் பார்க்காமல் எறிய வேண்டாம்.

முதல் தடவை மூடும்போது மிக மெதுவாக. கடைசிப் பத்து செ.மீ.யில் கல்லாக முட்டினால் நிறுத்துங்கள், சுருங்கிய நீளம் பிழை. நன்றாக மூடினால் இரவு வெளியே விட்டு மறுநாள் காலை நாடா அடையாளத்தோடு ஒப்பிடுங்கள்.

அதன் பின் பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. தண்டில் கிரீஸ் பூசாதீர்கள், டபிள்யூ.டி-40 அடிக்காதீர்கள், உப்புத் தூசு அதில் ஒட்டி மணற்தாள் போல் சீலை அரைக்கும். ஈரமில்லாத துணியால் துடைத்தால் போதும். புதிய சோடி வந்து சேரும்வரை பழையதோடு ஓட்ட வேண்டுமென்றால், தண்டின் மேல் மாட்டும் பூட்டுக் கவ்வி விற்கிறார்கள். உட்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு உள்ளதாகப் பாருங்கள். கவ்விக் குறடால் தண்டைப் பிடித்து நிறுத்தும் வழக்கம் பலரிடம் உண்டு. அந்தக் கீறலோடு அந்த ஸ்ட்ரட் முடிந்தது.

கழற்றிய ஸ்ட்ரட் கதவைத் தூக்காவிட்டாலும் உள்ளே இன்னும் பத்துக் கணக்கான பார் அழுத்தம் இருக்கும். அதை அறுக்கவோ, துளைக்கவோ, நெருப்பில் போடவோ கூடாது. நகராட்சியின் ஆபத்தான கழிவு நிலையத்தில் அல்லது பழைய உலோகம் எடுக்கும் இடத்தில், உள்ளே அழுத்தம் இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள்.